இந்தியாவின் பாலிஸ்டிக் ஏவுகணைகள்

இந்தியாவின் பாலிஸ்டிக் ஏவுகணைகள் என்பவை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தால் வடிவமைக்கப்பட்டு, இந்தியப் படைகளால் பயன்படுத்தப்படும், எறிபாதையில் செல்லும் ஏவுகணைகளாகும். பிருத்வி, தனுஷ், அக்னி வரிசை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் கே வரிசை, பிரலே ஆகியன இவற்றுள் முதன்மையானவை. 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டு ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம் இவற்றுக்கு அடித்தளமாக அமைந்தது. 150 கிலோமீட்டர் செல்லும் பிருத்வி-1 முதல் 5,000 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் அக்னி-5 வரை இவ்வளர்ச்சி விரிந்துள்ளது.

ஏவுகணையின் திறன் பெரும்பாலும் அது செல்லும் தொலைவைக் கொண்டே பேசப்படுகின்றது. எனினும் எரிபொருளின் தன்மை, வளிமண்டலத்திற்குள் மீண்டும் நுழையும்போது வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல், வழிகாட்டலின் துல்லியம், ஏவுவதற்குத் தேவைப்படும் நேரம் ஆகியனவே ஓர் ஏவுகணை நம்பத்தக்க படைக்கலமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்திய ஏவுகணைகளின் வரலாறு இந்நான்கு சிக்கல்களும் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்ட வரலாறாகும்.

## இயங்குமுறை

எறியப்பட்ட கல் எவ்வாறு வளைந்த பாதையில் சென்று விழுகின்றதோ, அதே விதிப்படியே பாலிஸ்டிக் ஏவுகணையும் செல்கின்றது. இதன் பயணத்தை மூன்று கட்டங்களாகப் பிரிப்பர்.

- உந்துகட்டம்: பொறிகள் எரிந்து ஏவுகணைக்குத் தேவையான வேகத்தையும் திசையையும் அளிக்கும் காலம். இது ஓரிரு நிமிடங்களே நீடிக்கும். தொலைதூர ஏவுகணைகளில் சற்றுக் கூடுதலாகும்.
- இடைக்கட்டம்: பொறிகள் அணைந்தபின், புவியீர்ப்பு விசைக்கு மட்டும் உட்பட்டு வெடிமுனை செல்லும் காலம். தொலைதூர ஏவுகணைகளில் இக்கட்டம் வளிமண்டலத்திற்கு வெளியே, பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிகழும்.
- மறுநுழைவுக் கட்டம்: வெடிமுனை மீண்டும் வளிமண்டலத்தில் நுழைந்து இலக்கை நோக்கி வீழும் காலம்.

சீர்வேக ஏவுகணைகள் இவற்றினின்றும் வேறுபட்டவை. அவை விமானத்தைப் போன்று பயணம் முழுவதும் பொறியின் உந்துதலால், வளிமண்டலத்திற்குள்ளேயே பறப்பவை. பிரம்மோஸ் அவ்வகையைச் சேர்ந்ததாகையால் இக்கட்டுரையின் வரம்பில் அடங்காது.

செல்ல வேண்டிய தொலைவு மிகும்போது பொறி அணையும் தறுவாயில் இருக்க வேண்டிய வேகமும் மிகுகின்றது. 300 கி.மீ. தொலைவுக்கு வினாடிக்குச் சுமார் 1.7 கி.மீ. வேகமும், 2,000 கி.மீ. தொலைவுக்குச் சுமார் 4 கி.மீ. வேகமும், 5,000 கி.மீ. தொலைவுக்குச் சுமார் 6 கி.மீ. வேகமும் தேவைப்படும். கூடுதல் வேகத்திற்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அவ்வெரிபொருளைச் சுமந்து செல்லவும் மேலும் எரிபொருள் வேண்டும். 700 கி.மீ. செல்லும் அக்னி-1 சுமார் 12 டன் எடையுடையதாகவும், 5,000 கி.மீ.க்கு மேல் செல்லும் அக்னி-5 சுமார் 50 டன் எடையுடையதாகவும் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

## வரலாறு

### தொடக்க முயற்சிகள்

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் 1958இல் நிறுவப்பட்டது. அதன் ஏவுகணைப் பிரிவு பின்னர் ஐதராபாத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு ஆய்வகமாக வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் இவ்வாய்வகத்தில் 'டெவில்', 'வேலியன்ட்' என்னும் இரு திட்டங்கள் மேற்கொள்ளப்பட்டன. சோவியத் ஒன்றியத்திடமிருந்து பெறப்பட்ட வான் பாதுகாப்பு ஏவுகணை ஒன்றைப் பிரித்தாராய்ந்து அதைப் போன்று உருவாக்குவது முதலாவதன் நோக்கமாகும். நெடுந்தொலைவு செல்லும் பாலிஸ்டிக் ஏவுகணையை உருவாக்குவது இரண்டாவதன் நோக்கமாகும். இரண்டும் முழுமை பெறாமலேயே கைவிடப்பட்டன. ஆயினும் டெவில் திட்டத்தில் உருவான நீர்ம எரிபொருள் பொறி பற்றிய அறிவு பின்னர் பிருத்வி ஏவுகணைக்குப் பயன்பட்டது.

### எஸ்.எல்.வி-3

இதே காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளை ஏவும் வாகனத்தை உருவாக்கி வந்தது. நான்கு கட்டங்களிலும் திண்ம எரிபொருளைக் கொண்ட எஸ்.எல்.வி-3 ஏவுகலத்தின் முதல் ஏவல் 1979 ஆகஸ்ட் 10 அன்று தோல்வியுற்றது. 1980 சூலை 18 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இரண்டாவது கலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இராமேசுவரத்தில் பிறந்து சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இதன் திட்ட இயக்குநராவார்.

குடிசார் நோக்கில் உருவாக்கப்பட்ட இக்கலத்தின் முதற்கட்டப் பொறியே பின்னர் அக்னியின் முதற்கட்டமாயிற்று. செயற்கைக்கோள் ஏவுகலத்திற்கும் தொலைதூர ஏவுகணைக்கும் இடையேயுள்ள தொழில்நுட்ப நெருக்கத்திற்கு இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

### ஒருங்கிணைந்த வழிகாட்டு ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம்

1982இல் அப்துல் கலாம் ஐதராபாத் ஆய்வகத்தின் இயக்குநரானார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்குவதே முதலில் முன்வைக்கப்பட்ட யோசனையாகும். அவற்றை ஒரே காலத்தில் மேற்கொள்ளுமாறு அன்றைய பாதுகாப்பு அமைச்சர் இரா. வெங்கட்ராமன் வலியுறுத்தினார். இதன்படி 1983இல் 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒருங்கிணைந்த திட்டத்திற்கு அரசு ஒப்புதல் அளித்தது. இதில் ஐந்து ஏவுகணைகள் இடம்பெற்றன.

- பிருத்வி: தரையிலிருந்து தரையிலுள்ள இலக்கைத் தாக்கும் குறுந்தொலைவு ஏவுகணை
- திரிசூல்: குறுந்தொலைவு வான் பாதுகாப்பு ஏவுகணை
- ஆகாஷ்: நடுத்தரத் தொலைவு வான் பாதுகாப்பு ஏவுகணை
- நாக்: பீரங்கி வண்டிகளைத் தாக்கும் ஏவுகணை
- அக்னி: மறுநுழைவுத் தொழில்நுட்பத்தைச் சோதிக்கும் விளக்கக் கலம்

இவற்றுள் பிருத்வி, அக்னி ஆகிய இரண்டுமே பாலிஸ்டிக் ஏவுகணைகளாகும்.

பிருத்வி முதன்முறையாக 1988 பிப்ரவரி 25 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அக்னியின் முதல் ஏவல் அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1989 ஏப்ரல் 20, மே 1 ஆகிய நாட்களில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் இறுதி நேரத்தில் நிறுத்தப்பட்டன. இது குறித்து நாளிதழ்களில் கேலிச்சித்திரங்களும் வெளிவந்தன. 1989 மே 22 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து அக்னி வெற்றிகரமாக ஏவப்பட்டது. 1992 மே 29 அன்று நடைபெற்ற இரண்டாவது சோதனை தோல்வியுற்றது. 1994 பிப்ரவரி 19 அன்று நடைபெற்ற மூன்றாவது சோதனை வெற்றி பெற்றது. அதன்பின் ஐந்தாண்டுகள் அக்னி ஏவப்படவில்லை.

ஒருங்கிணைந்த திட்டம் நிறைவடைந்ததாக 2008 சனவரியில் அறிவிக்கப்பட்டது.

### ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள்

1987 ஏப்ரலில் அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஐக்கிய இராச்சியம், பிரான்சு, மேற்கு செருமனி, இத்தாலி, கனடா, சப்பான் ஆகிய ஏழு நாடுகள் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஒழுங்கை ஏற்படுத்தின. 500 கிலோகிராம் சுமையை 300 கி.மீ. தொலைவுக்குக் கொண்டுசெல்லவல்ல ஏவுகணைகளும் அவற்றுக்குரிய பொருட்களும் பிற நாடுகளுக்குச் செல்வதைத் தடுப்பது இதன் நோக்கமாகும். இதன் விளைவாக உயர்வலிமை எஃகு, கரிம இழை, துல்லியமான உணரிகள் முதலியவற்றை வெளிநாடுகளிலிருந்து பெறுவது இந்தியாவுக்குக் கடினமாயிற்று.

ஐதராபாத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனமான மித்தானி சிறப்பு உலோகங்களை உருவாக்கியது. வழிகாட்டல் கருவிகளுக்கென ஐதராபாத்தில் இமாரத் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. தயாரிப்புப் பொறுப்பைப் பாரத் டைனமிக்ஸ் நிறுவனம் ஏற்றது. கட்டுப்பாடுகள் திட்டத்தைத் தாமதப்படுத்தின. அதே வேளையில் உள்நாட்டிலேயே பொருட்களை உருவாக்கும் கட்டாயத்தையும் ஏற்படுத்தின. முன்னர் தடைக்குள்ளாகியிருந்த இந்தியா, 2016 சூன் 27 அன்று அதே கட்டுப்பாட்டு ஒழுங்கின் 35ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது.

### 1998ஆம் ஆண்டிற்குப் பின்

1998 மே மாதம் பொக்ரானில் நடைபெற்ற அணுவாயுதச் சோதனைகள் ஏவுகணைகளின் பங்கை மாற்றின. அதுவரை தொழில்நுட்ப விளக்கமாக இருந்த அக்னி, அணுவாயுதத்தைச் சுமக்கும் படைக்கலமாக மறுவடிவமைக்கப்பட்டது. இரு கட்டங்களிலும் திண்ம எரிபொருளைக் கொண்ட அக்னி-2, 1999 ஏப்ரல் 11 அன்று சோதிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டின் கார்கில் போருக்குப் பின் பிருத்விக்கும் அக்னி-2க்கும் இடைப்பட்ட தொலைவுக்கான ஏவுகணை தேவையெனக் கருதப்பட்டு, அக்னி-1 குறுகிய காலத்தில் உருவாக்கப்பட்டது. அது 2002 சனவரி 25 அன்று முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது.

## ஏவுகணை வகைகள்

கீழே தரப்பட்டுள்ள தொலைவுகள் பொதுவாக அறிவிக்கப்பட்ட அளவுகளாகும். வெடிமுனையின் எடை குறைந்தால் செல்லும் தொலைவு கூடும் என்பதால் இவற்றை மாறாத எண்களாகக் கொள்ளலாகாது.

### பிருத்வி, தனுஷ்

பிருத்வி ஒற்றைக் கட்டமும் நீர்ம எரிபொருளும் கொண்ட ஏவுகணையாகும். தரைப்படைக்கான பிருத்வி-1, ஒரு டன் சுமையுடன் 150 கி.மீ. செல்லும். விமானப்படைக்கென உருவான பிருத்வி-2, 500 கி.கி. சுமையுடன் 250 கி.மீ. செல்வதாக அமைந்தது, பின்னர் இத்தொலைவு 350 கி.மீ. ஆக உயர்த்தப்பட்டது. தனுஷ் என்பது பிருத்வியின் கடற்படை வடிவமாகும். இது போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து ஏவப்படுவது. இதன் முதல் சோதனை 2000ஆம் ஆண்டில் நடைபெற்றது.

### அக்னி வரிசை

- அக்னி-1: ஒற்றைக் கட்டம், திண்ம எரிபொருள். நீளம் சுமார் 15 மீட்டர், எடை சுமார் 12 டன், தொலைவு 700 கி.மீ.
- அக்னி-2: இரு கட்டங்கள். நீளம் சுமார் 20 மீட்டர், தொலைவு 2,000 கி.மீ.க்கு மேல்.
- அக்னி-3: இரு கட்டங்கள். விட்டம் 2 மீட்டர், நீளம் சுமார் 17 மீட்டர், தொலைவு 3,000 கி.மீ.க்கு மேல். 2006 சூலை 9 அன்று நடைபெற்ற முதல் சோதனையில் ஏவுகணை இலக்கை அடையாமல் கடலில் விழுந்தது. 2007 ஏப்ரல் 12 அன்று நடைபெற்ற இரண்டாவது சோதனை வெற்றி பெற்றது.
- அக்னி-4: இரு கட்டங்கள். எடை சுமார் 17 டன், தொலைவு சுமார் 4,000 கி.மீ. 2011 நவம்பர் 15 அன்று வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த டெசி தாமசு இதன் திட்ட இயக்குநராவார்.
- அக்னி-5: மூன்று கட்டங்கள். நீளம் சுமார் 17.5 மீட்டர், எடை சுமார் 50 டன், தொலைவு 5,000 கி.மீ.க்கு மேல். முதல் சோதனை 2012 ஏப்ரல் 19 அன்று நடைபெற்றது.
- அக்னி-பிரைம்: இரு கட்டங்கள், குழலிலிருந்து ஏவப்படுவது. தொலைவு 1,000 முதல் 2,000 கி.மீ. வரை. முதல் சோதனை 2021 சூன் 28 அன்று நடைபெற்றது. 2025 செப்டம்பரில் தொடருந்தில் அமைந்த ஏவுமேடையிலிருந்தும் சோதிக்கப்பட்டது.

அக்னி-3, 17 மீட்டர் நீளமே கொண்டிருந்தும் 20 மீட்டர் நீளமுள்ள அக்னி-2ஐ விடத் தொலைவு செல்வது குறிப்பிடத்தக்கது. எஸ்.எல்.வி-3இன் பொறியிலிருந்து வந்த அக்னி-1, அக்னி-2 ஆகியவற்றின் விட்டம் ஒரு மீட்டராகும். அக்னி-3இல் விட்டம் இரு மடங்கானமையால் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் நான்கு மடங்கு எரிபொருள் கொள்ள இயன்றது.

### கே வரிசை

நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் இவ்வரிசையில் உள்ள 'கே' என்னும் எழுத்து அப்துல் கலாமைக் குறிப்பதாகக் கூறப்படுகின்றது. கே-15 ஏவுகணை சுமார் 750 கி.மீ. தொலைவு செல்லும். கே-4 ஏவுகணை சுமார் 3,500 கி.மீ. செல்லும். 2016இல் படையில் சேர்க்கப்பட்ட அரிகந்த் நீர்மூழ்கிக் கப்பலில் நான்கு செங்குத்து ஏவுகுழல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று கே-15 ஏவுகணைகளையோ ஒரு கே-4 ஏவுகணையையோ வைக்கலாம். 2022 அக்டோபர் 14 அன்று அரிகந்திலிருந்து வங்காள விரிகுடாவில் ஏவுகணை ஏவப்பட்டதாக அரசு அறிவித்தது. இரண்டாவது கப்பலான அரிகாத் 2024 ஆகஸ்ட் 29 அன்று படையில் சேர்ந்தது.

### பிரலே

பிரலே 150 முதல் 500 கி.மீ. வரை செல்லும் திண்ம எரிபொருள் ஏவுகணையாகும். இது தாழ்வான பாதையில் சென்று, இடையில் திசைமாறும் திறனுடையது. மரபுசார் வெடிமுனையைச் சுமப்பதற்கென உருவாக்கப்பட்ட இதன் முதல் சோதனை 2021 திசம்பர் 22 அன்று நடைபெற்றது.

## தொழில்நுட்பம்

### எரிபொருள்

பிருத்வியில் நைட்ரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட ஆக்சிசனேற்றியும் கரிம அமீன் கலவையும் பயன்படுகின்றன. இவை ஒன்றையொன்று தொட்ட உடனேயே தீப்பற்றும். எனவே தனியாகப் பற்றவைக்கத் தேவையில்லை. பொறிக்குச் செல்லும் எரிபொருளை நிறுத்துவதன் மூலம் உந்துவிசையை வேண்டிய கணத்தில் துண்டிக்கவும் இயலும். ஆனால் இத்திரவங்கள் அரிக்கும் தன்மையும் நச்சுத்தன்மையும் உடையவை. எரிபொருள் வண்டிகள் முதலிய துணை வாகனங்கள் ஏவுகணையுடன் செல்ல வேண்டியுள்ளதால், முழு அணியும் எதிரியின் கண்ணில் எளிதில் படக்கூடும்.

திண்ம எரிபொருள், பொறியின் உறைக்குள்ளேயே வார்த்து இறுக வைக்கப்படுவது. பல ஆண்டுகள் அப்படியே வைத்திருந்து உத்தரவு கிடைத்ததும் ஏவலாம். எனினும் ஒருமுறை பற்றினால் எளிதில் அணைக்க இயலாது. வார்ப்பில் சிறு வெடிப்போ காற்றுக்குமிழோ இருப்பின் பொறியே வெடிக்க நேரலாம் என்பதால் ஊடுகதிர் முதலியவற்றால் நுணுகிச் சோதிக்கப்படுகின்றது. 1989ஆம் ஆண்டின் அக்னியில் முதற்கட்டம் திண்ம எரிபொருளையும், பிருத்வியிலிருந்து பெறப்பட்ட இரண்டாம் கட்டம் நீர்ம எரிபொருளையும் கொண்டிருந்தன. அக்னி-2 முதல் முற்றிலும் திண்ம எரிபொருளே பயன்படுகின்றது.

### வெப்பக் கவசம்

வினாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் செல்லும் ஒரு பொருளின் இயக்க ஆற்றல், அப்பொருளின் எடையைப் போல் ஆறு மடங்கு நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கப் போதுமானதாகும். வளிமண்டலத்தில் நுழையும்போது இவ்வாற்றலின் பெரும்பகுதி வெப்பமாக மாறுகின்றது. அதில் பெரும்பங்கை முன்னே தோன்றும் அதிர்வலை காற்றிலேயே சிதறடித்துவிட்டபோதிலும், கலத்தின் மேற்பரப்பு 3,000 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தை எதிர்கொள்கின்றது. உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளோ சாதாரண அறை வெப்பநிலையை ஒட்டியே இருத்தல் வேண்டும்.

இதற்கெனக் கரிம இழைகளைக் கரிமத்தாலேயே பிணைத்த கூட்டுப்பொருள் உருவாக்கப்பட்டது. இது மிகு வெப்பத்தில் உருகாது, எடையும் குறைவு. 1989ஆம் ஆண்டுச் சோதனையின் தலையாய நோக்கம் தொலைவன்று, இக்கவசத்தைச் சோதிப்பதேயாகும்.

இவ்வாய்வின் பயன் மருத்துவத்திற்கும் சென்றது. போலியோவால் பாதிக்கப்பட்ட சிறுவர்கள் மூன்று கிலோகிராமுக்கும் மேற்பட்ட உலோகக் கால்தாங்கிகளை அணிந்து நடந்துவந்தனர். ஐதராபாத்தின் நிசாம் மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்களும் ஏவுகணை ஆய்வாளர்களும் இணைந்து, கூட்டுப்பொருளால் ஆன சுமார் 300 கிராம் எடையுள்ள தாங்கிகளை உருவாக்கினர். தாம் மிகவும் மகிழ்ந்த பணிகளுள் ஒன்றாக அப்துல் கலாம் இதனைக் குறிப்பிட்டு வந்தார்.

### வழிகாட்டல்

பொறி அணைந்தபின் பாதையைப் பெரிதும் மாற்ற இயலாது என்பதால், உந்துகட்டத்தில் பெறும் வேகமும் திசையுமே ஏவுகணை எங்கு விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 5,000 கி.மீ. செல்லும் ஏவுகணையில், பொறி அணையும்போது வேகத்தில் வினாடிக்கு ஒரு மீட்டர் பிழை ஏற்பட்டாலும் அது இலக்கில் 2 கி.மீ.க்கு மேற்பட்ட விலகலாக வெளிப்படும்.

இதனைத் தவிர்க்க நிலைம வழிகாட்டல் முறை பயன்படுகின்றது. ஏவுகணையின் திருப்பங்களைச் சுழல்காட்டிகளும் வேக மாற்றத்தை முடுக்கமானிகளும் அளக்கின்றன. அவற்றைக் கொண்டு கணினி ஏவுகணையின் இருப்பிடத்தைக் கணித்துக்கொண்டே செல்கின்றது. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் தேவைப்படாததால் இம்முறையை எதிரி குழப்ப இயலாது. ஆனால் சிறு பிழைகளும் நேரம் செல்லச் செல்லப் பெருகும். அக்னி-4 முதலிய பிற்கால ஏவுகணைகளில், சுழலும் பாகங்களுக்கு மாற்றாகச் சீரொளிக் கற்றையைப் பயன்படுத்தும் வளையச் சுழல்காட்டிகள் அமைக்கப்பட்டன.

### குழல் ஏவல்

அக்னி-5 முதலில் திறந்த மேடையிலிருந்து ஏவப்பட்டது. 2015 சனவரி 31 அன்று அது மூடிய குழலிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது. இம்முறையில் வளிம அழுத்தம் ஏவுகணையைக் குழலிலிருந்து வெளியே தள்ளுகின்றது. அதன்பின் வானிலேயே முதற்கட்டப் பொறி பற்றுகின்றது. குழல் ஏவுகணையை மழை, தூசி, ஈரப்பதம் ஆகியவற்றினின்றும் காக்கின்றது. ஏவுகணையைச் சாலை வழியே எங்கும் கொண்டுசென்று சில நிமிடங்களில் ஏவலாம்.

### பல வெடிமுனைகள்

2024 மார்ச் 11 அன்று 'திவ்யாசுத்திரம்' என்னும் பெயரில் அக்னி-5 சோதிக்கப்பட்டது. ஒரே ஏவுகணையிலிருந்து பிரியும் பல வெடிமுனைகள் வெவ்வேறு இலக்குகளை நோக்கிச் செல்லும் தொழில்நுட்பம் இதில் பயன்படுத்தப்பட்டது. இதற்குச் சிறிய வெடிமுனைகளும், ஒவ்வொன்றையும் உரிய வேகத்திலும் திசையிலும் விடுவிக்கும் துல்லியமும் தேவை.

## சோதனைத் தளங்களும் மக்களும்

தேசியச் சோதனைத் தளத்தை ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டத்தில் உள்ள பாலியாபால் பகுதியில் அமைக்க 1980களின் நடுப்பகுதியில் திட்டமிடப்பட்டது. வெற்றிலை, தென்னை, முந்திரி விளையும் செழிப்பான கடலோர நிலம் அது. நிலத்தை விட்டு வெளியேற மறுத்த மக்கள், ஊர்களுக்குச் செல்லும் வழிகளில் தடுப்புகள் அமைத்து அதிகாரிகள் நுழைவதைத் தடுத்தனர். பல ஆண்டுகள் நீடித்த இப்போராட்டத்திற்குப் பின் அங்கு தளம் அமைக்கப்படவில்லை. அதே மாவட்டத்திலுள்ள சாந்திப்பூரின் இடைக்காலத் தளமே ஒருங்கிணைந்த சோதனைத் தளமாக விரிவடைந்தது.

நெடுந்தொலைவு ஏவுகணைகள், ஒடிசாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள வீலர் தீவிலிருந்து ஏவப்படுகின்றன. 2015இல் இத்தீவுக்கு அப்துல் கலாம் தீவு எனப் பெயர் சூட்டப்பட்டது. சாந்திப்பூரில் சோதனைகள் நடைபெறும்போது ஏவுமேடையைச் சுற்றி வாழும் மக்கள் தற்காலிகமாக வெளியேற்றப்பட்டு, இழப்பீடு வழங்கப்படுகின்றது. அப்துல் கலாம் தீவுக்கு அருகிலுள்ள ககிர்மாதா கடற்கரை, பங்குனி ஆமைகள் பெருந்திரளாக முட்டையிடும் இடமாகும். முட்டையிடும் பருவத்தில் ஏவுகணைச் சோதனைகள் நிறுத்திவைக்கப்படும் என 2023 திசம்பரில் அறிவிக்கப்பட்டது.

## கொள்கையும் கட்டுப்பாடும்

இந்தியா அணுவாயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்னும் கொள்கையை 2003 சனவரி 4 அன்று முறைப்படி வெளியிட்டது. அணுவாயுதத் தாக்குதலுக்கு உத்தரவிடும் அதிகாரம் பிரதமரைத் தலைவராகக் கொண்ட அரசியல் குழுவுக்கே உரியது. ஏவுகணைகளை நிருவகிக்கும் உத்திசார் படைக் கட்டளையகமும் அப்போதே அமைக்கப்பட்டது. முதல் தாக்குதலுக்கு உள்ளான பின்னரும் பதிலடி தரும் ஆற்றல் எஞ்சியிருந்தால்தான் இக்கொள்கை பொருளுடையதாகும். இடம் மாறும் ஏவுகணைகளுக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் முதன்மை தரப்படுவது இக்காரணத்தாலேயே.

இந்தியாவும் பாக்கித்தானும் 2005 அக்டோபர் 3 அன்று ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இதன்படி பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை குறித்துக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்னரே மற்ற நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏவுமிடம் எல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள்ளும், விழுமிடம் 75 கி.மீ.க்குள்ளும் அமையலாகாது.

## விமர்சனங்கள்

ஏவுகணைகள் போரைத் தடுக்கின்றன என்பது ஆதரவாளர்களின் கருத்தாகும். அவை அயல்நாடுகளுடன் படைக்கலப் போட்டியைத் தூண்டுகின்றன என்பது எதிர்ப்பாளர்களின் கருத்தாகும். பாக்கித்தான் 1998 ஏப்ரல் 6 அன்று கௌரி ஏவுகணையையும், 2017 சனவரியில் பல வெடிமுனைகளைச் சுமக்கும் நோக்குடைய அபாபீல் ஏவுகணையையும் சோதித்தது.

முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பது மற்றொரு கவலையாகும். 300 கி.மீ. தொலைவை ஒரு பாலிஸ்டிக் ஏவுகணை நான்கைந்து நிமிடங்களில் கடந்துவிடும். தவறான எச்சரிக்கையைச் சரிபார்க்க இந்நேரம் போதாது. 2022 மார்ச் 9 அன்று இந்தியச் சீர்வேக ஏவுகணை ஒன்று தவறுதலாக ஏவப்பட்டுப் பாக்கித்தானின் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. அதில் வெடிமுனை இல்லை, உயிரிழப்பும் ஏற்படவில்லை. இதற்குப் பொறுப்பாளிகளெனக் கண்டறியப்பட்ட மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அது பாலிஸ்டிக் ஏவுகணை அன்று எனினும், மேற்கூறிய 2005ஆம் ஆண்டு உடன்பாடு சீர்வேக ஏவுகணைகளுக்குப் பொருந்தாது என்னும் குறையை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

நீர்ம எரிபொருளிலிருந்து திண்ம எரிபொருளுக்கும், திறந்த மேடையிலிருந்து மூடிய குழலுக்கும் மாறியதால் ஏவுகணையின் ஆயத்தநிலை உயர்ந்துள்ளது. முன்பு வெடிமுனையையும் ஏவுகணையையும் தனித்தனியே வைத்திருக்க இயன்றது. குழல் ஏவுகணைகளிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் இவ்விடைவெளி சுருங்குகின்றது. ஆதலால் பதிலடித் திறன் வளர வளர, அதன்மீதான கட்டுப்பாட்டு முறைகளும் அதற்கேற்ப வலுப்பெற வேண்டும் எனப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

## இவற்றையும் பார்க்க

- ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்
- எஸ்.எல்.வி-3
- அரிகந்த் நீர்மூழ்கிக் கப்பல்
- பொக்ரான் அணுவாயுதச் சோதனைகள்
- ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஒழுங்கு